ஒரு பிடி காய்ந்த புல்: சின்சில்லாவின் சாப்பாட்டைத் தேடி இரண்டு ஊர்கள்

ஜூன் மாதக் கடைசியில் எல்லன்ஸ்பர்க் ஊருக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது அந்த ஊரின் வாசனைதான். அறுத்துப் போட்ட பச்சைப் புல் வெயிலில் காயும்போது வருமே, லேசான தித்திப்புக் கலந்த ஒரு மணம், அது கார் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். சாலையின் இருபுறமும் புல்வெளி. நடுவே லாரி லாரியாகப் புல்கட்டுகள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்திலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கே விளையும் புல் கப்பலேறி ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறது. பந்தயக் குதிரைகள் தின்கின்றன; பால் மாடுகள் தின்கின்றன. கூடவே, கையளவு உடம்பும் பெரிய காதும் பஞ்சு மாதிரி முடியும் கொண்ட ஒரு சின்னஞ்சிறு பிராணியும் இதே புல்லைத்தான் தின்கிறது. அதன் பெயர் சின்சில்லா.

எடை சுமார் அரைக் கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷம், சில சமயம் 20 வருஷம்கூட வாழும். ஆனால் தவறான சாப்பாடு போட்டால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், கடையில் விலை அதிகமாக, வண்ண வண்ணப் பாக்கெட்டில் இருப்பதுதான் பெரும்பாலும் அதற்கு ஆகாதது. ஆகிறது எதுவென்றால், இந்த ஊர் வயலில் கிடக்கிற சாதாரணக் காய்ந்த புல்.

மலையைத் தாண்டினால் வேறு உலகம்

சியாட்டிலில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. வார விடுமுறையில் அவர்கள் கார் எடுத்துக்கொண்டு கிழக்கே போகும் வழிதான் இது. ஸ்னோகுவால்மி கணவாய் வரை மழையும் பனிமூட்டமும் தேவதாரு மரங்களுமாக வழி நெடுகப் பச்சை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயைத் தாண்டி இறங்க இறங்க, மரங்கள் குறைகின்றன, வானம் அகலமாகிறது. எல்லன்ஸ்பர்க் வரும்போது குன்றுகள் எல்லாம் பழுப்பு நிறம்.

காரணம் எளிது. கடலிலிருந்து வரும் மேகம் மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. நம் ஊரில் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைக் கேரளம் வாங்கிக்கொள்ள, மலைக்கு இந்தப் பக்கம் வெறும் காற்று வருகிற மாதிரிதான். சியாட்டிலில் ஆண்டுக்கு 900 மி.மீ.க்கு மேல் மழை. எல்லன்ஸ்பர்க்கில் சுமார் 230 மி.மீ. மட்டும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. பெய்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இந்த ஊர் எவ்வளவு வறண்டது என்று புரியும்.

காற்றோ, கேட்கவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதிரி வேகம். பக்கத்துக் குன்றுகளில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன.

மழை இல்லாத ஊரில் புல் எப்படி? மேலே மலை ஏரிகளில் சேரும் பனி நீர் யாக்கிமா ஆற்றின் வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. கிட்டிடாஸ் பள்ளத்தாக்கு என்று பெயர். வேருக்குத் தண்ணீர் உண்டு; தலைக்கு மேலே மழை இல்லை; அறுத்த புல்லைக் காயவைக்க வெயிலும் காற்றும் தாராளம். புல் விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

திமோத்தி என்ற புல்

இங்கே விளையும் புல்லின் பெயர் திமோத்தி. ஐரோப்பாவைச் சேர்ந்த புல் இது. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இதைப் பரப்பிய திமோத்தி ஹான்சன் என்ற விவசாயியின் பெயரே புல்லுக்கு நிலைத்துவிட்டது. கதிரைப் பார்த்தால் நம் கம்பங்கதிரைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிய மாதிரி இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நமக்குக் காய்ந்த தீவனம் என்றாலே வைக்கோல்தான் நினைவுக்கு வரும். இது வைக்கோல் இல்லை. வைக்கோல் என்பது நெல்லை எடுத்த பிறகு மிஞ்சும் தாள். சத்தெல்லாம் மணிக்குப் போய்விட்டிருக்கும். திமோத்தியை அறுப்பதோ கதிர் வெளியே வந்து, மணி பிடிப்பதற்கு முன்னால். சத்து தண்டிலும் இலையிலும் இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த புல் இது. செல்லப் பிராணிகளுக்கு வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசம் தெரியாமல் விலை மலிவு என்று கோதுமை வைக்கோலை வாங்கிவிட்டால், அது படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது.

ஜூனில் முதல் வெட்டு. கோடைக் கடைசியில் இரண்டாவது வெட்டு. முதல் வெட்டில் தண்டும் கதிரும் அதிகம், நார் அதிகம், கடிக்கக் கரகரப்பு. இரண்டாவது வெட்டில் இலை அதிகம், மெத்தென்று இருக்கும்.

அறுத்த புல்லை வயலிலேயே வரிசை வரிசையாகப் போட்டு, புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறார்கள். இந்த நாள்களில் விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. ஒரு மழை வந்தால் போதும், பச்சை நிறம் போய்விடும், மணம் போய்விடும், விலை சரிந்துவிடும். ஈரம் காயாத புல்லைக் கட்டிவிட்டாலோ பூஞ்சை பிடிக்கும். அதற்கும் மேலாக, ஈரக்கட்டு உள்ளுக்குள்ளேயே சூடாகித் தானாகத் தீப்பிடித்து, கொட்டகையே எரிந்துபோவதும் உண்டு. அதனால் ஈரப்பதத்தை அளந்து பார்த்துத்தான் கட்டு போடுகிறார்கள். ரொம்பக் காய்ந்தாலும் இலை உதிரும் என்பதால், பனி லேசாகப் படிந்த விடியற்காலையில் இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு.

நம் களத்துமேட்டில் மழை மேகத்தைப் பார்த்தபடியே நெல்லைக் காயவைத்தவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகப் புரியும்.

முட்களின் நடுவே ஒரு மலை

சின்சில்லாவுக்கு ஏன் காய்ந்த புல்? பதில் தெரிய வேண்டுமானால், பூமியின் அடுத்த பாதிக்குப் போக வேண்டும்.

சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வடக்கே சுமார் 280 கி.மீ. தொலைவில் இருக்கிறது இயாப்பெல் என்ற சிறு ஊர். கடலோர நெடுஞ்சாலையில் லோஸ் விலோஸ் வரை போய், அங்கிருந்து உள்நாட்டுக்குள் திரும்ப வேண்டும். இயாப்பெல்லிலிருந்து வடக்கே சுமார் 15 கி.மீ. போனால், ஆவ்கோ மலைகள். அங்கேதான் சின்சில்லாக்களுக்காகவே ஒதுக்கப்பட்ட தேசியக் காப்பகம் இருக்கிறது. 1983-இல் அமைக்கப்பட்டது. பரப்பு 4,229 ஹெக்டேர்.

முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பஞ்சு மாதிரி முடி கொண்ட அழகுப் பிராணி வாழும் இடம் பனியும் பசுமையுமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தால், எதிரே நிற்பது வெறும் கல்லும் முள்ளும். தூண் தூணாக உயர்ந்த கள்ளிகள். கத்தி மாதிரி இலை கொண்ட பூயா செடிகள். பாறை இடுக்குகள். குட்டைப் புதர்கள். அவற்றுக்கு நடுவே கொத்துக் கொத்தாக, தொட்டால் முறுமுறுக்கும் மலைப்புல்.

மழை பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் கொஞ்சம்தான். மற்ற மாதங்கள் எல்லாம் வறட்சி. பகல் வெயிலுக்குச் சின்சில்லாக்கள் பாறை இடுக்கிலும் பூயா செடியின் அடியிலும் பதுங்கியிருக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அதனால் பகலில் வரும் பயணிகளுக்காகக் காப்பகத்திலேயே ஓர் இருட்டுக்கூடம் அமைத்திருக்கிறார்கள். உள்ளே பகலை இரவாக்கி வைத்திருப்பதால், மங்கிய வெளிச்சத்தில் சின்சில்லா கல்லுக்குக் கல் தாவுவதைப் பார்க்க முடிகிறது.

இந்த மலையில் அது தின்பது என்ன? பழமா, கொட்டையா, தானியமா? எப்போதாவது ஒரு விதை, கொஞ்சம் கள்ளி, புதரின் இலை, பட்டை. முக்கியமான உணவு அந்த முறுமுறுத்த மலைப்புல்தான். நார்தான் அதிகம். சத்து கொஞ்சம், இனிப்பு இல்லை, கொழுப்பு இல்லை. தண்ணீரைக்கூடச் செடிகளிலிருந்தும் பனித்துளியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட உணவுக்காகவே அதன் உடம்பு அமைந்திருக்கிறது. முன்பற்கள் மட்டுமில்லை, கடைவாய்ப் பற்கள் உட்பட எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கரகரப்பான புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். குடலும் அப்படித்தான். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை மாதிரி பகுதி; அதில் வாழும் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக்கித் தருகின்றன. குடல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க நார் வேண்டும். சின்சில்லாவால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகாதது உள்ளே போனால், போனதுதான்.

பனிக்கட்டியோடு வந்த பயணிகள்

இந்த மலைப் பிராணி எப்படி உலகத்தின் வீடுகளுக்கு வந்தது? அது ஒரு சோகக் கதையின் மறுபக்கம்.

சின்சில்லாவின் முடி அவ்வளவு அடர்த்தி. நம் தலையில் ஒரு துளைக்கு ஒன்றிரண்டு முடி என்றால், அதற்கு ஒரே துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேல். அந்த மென்மைக்காக 19-ஆம் நூற்றாண்டில் பெருமளவில் வேட்டை நடந்தது. ஒரு நீளக் கோட்டு தைக்க நூறுக்கும் மேற்பட்ட தோல்கள் வேண்டும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் லட்சக்கணக்கில் தோல்கள் போயின. 1910-இல் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா நான்கு நாடுகளும் சேர்ந்து வேட்டைக்குத் தடை போட்டபோது மலைகள் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தன.

சிலியின் பொத்ரேரியோஸ் தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் மத்தாயஸ் சாப்மன் ஒரு சின்சில்லாவை உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினார். அதன் மீது பிரியம் வந்தது. பண்ணை வைக்கும் யோசனையும் வந்தது. ஆட்களை அமர்த்தி மலையெல்லாம் தேடவிட்டார். மூன்று வருஷத் தேடலில் அவருக்குக் கிடைத்தவை வெறும் 11. உயரமான மலையிலிருந்து ஒரேயடியாக இறக்கினால் தாங்காது என்று, ஏறக்குறைய ஒரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தார். கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடக்கும்போது கூண்டுகளைக் குளிரவைக்கப் பனிக்கட்டி வைத்தார். 1923-இல் கலிபோர்னியா வந்து சேர்ந்தார்கள்.

இன்று அமெரிக்க வீடுகளில் இருக்கும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள் என்கிறார்கள். எல்லன்ஸ்பர்க்கின் புகழ்பெற்ற குதிரைத் திருவிழாவான ரோடியோ தொடங்கியதும் அதே 1923-இல்தான். அந்த ஊர்ப் புல் ஒருநாள் அந்த மலைப் பிராணியின் தட்டுக்கு வரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நூறு வருஷம் ஆகிவிட்டது. கூண்டு மாறிவிட்டது, நிறம்கூட மாறிவிட்டது. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று விதவிதமாக வளர்க்கிறார்கள். பல்லும் குடலும் மட்டும் அதே ஆவ்கோ மலையில்தான் இருக்கின்றன.

தீவனக் கடையில் ஒரு கணக்கு

மறுபடி எல்லன்ஸ்பர்க்குக்கு வருவோம். விவசாய ஊர் என்பதால் இங்கே தீவனக் கடைகள் உண்டு. குதிரைக்கு, மாட்டுக்கு, கோழிக்கு, முயலுக்கு என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். பெருநகரத்துச் செல்லப் பிராணிக் கடையில் கைப்பையளவு பாக்கெட்டில் விற்கும் அதே திமோத்தி, இங்கே கட்டாகக் கிடைக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பாக்கெட் விலை பல மடங்கு. புல்லுக்குக் கொடுப்பதைவிடப் பாக்கெட்டுக்கும் படத்துக்கும் கொடுப்பதுதான் அதிகம்.

ஒரு சின்சில்லா ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் புல் தின்னும். வருஷத்துக்கு 11 கிலோ. காலால் மிதித்து, கூண்டுக்கு வெளியே தள்ளி வீணாக்குவதும் கிட்டத்தட்ட அதே அளவு என்று வைத்துக்கொண்டால்கூட 20 கிலோவைத் தொட்டு நிற்கும். இரண்டு கயிறு போட்ட சாதாரணக் கட்டு ஒன்றே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அதாவது, ஒரு பிராணிக்கு ஒரு கட்டு என்பது ஒரு வருஷத்துக்கும் மேல்.

அவ்வளவு நாள் வைத்திருந்தால் புல்லின் மணமும் சத்தும் குறையும் என்பதால், வளர்க்கிறவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கட்டு வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி எடுப்பார்களே, அதே கணக்கு. குதிரை வளர்ப்பவர்களிடம் கேட்டு ஒரு சாக்குப் பை அளவு வாங்கிக்கொள்வதும் ஒரு வழி.

நல்ல புல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக:

முதலில் மூக்கு. தேயிலை மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக மணக்க வேண்டும். புழுங்கிய நாற்றம் வந்தால் வேண்டாம்.

அடுத்து கண். உள்ளே இளம்பச்சையாக இருக்க வேண்டும். கட்டின் வெளிப்பக்கம் வெயில் பட்டு வெளுத்திருப்பது குற்றமில்லை. பிரித்துப் பார்த்து முடிவு செய்யலாம். சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ திட்டுத் திட்டாக இருந்தால் அது பூஞ்சை. ஒரு பிடியைக்கூட எடுக்கக் கூடாது.

பிறகு கை. உதறினால் தூசி பறக்கக் கூடாது. கையில் ஈரம் ஒட்டக் கூடாது.

கடைசியாக, வாய்விட்டுக் கேட்க வேண்டும். எப்போது அறுத்தது? எத்தனையாவது வெட்டு? அறுத்த பிறகு மழை பட்டதா? நல்ல வியாபாரி தயங்காமல் சொல்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்துவிடும். அட்டைப்பெட்டியிலோ துணிப்பையிலோ போட்டு, தரையில் படாமல் பலகை மேல், வெளிச்சம் அதிகம் படாத இடத்தில் வைக்க வேண்டும். பாட்டி வீட்டில் நெல் மூட்டையைப் பலகை போட்டு வைத்த அதே காரணம்தான்.

வண்ணப் பாக்கெட்டில் இருப்பது

புல்லுக்கு அடுத்தது குச்சித் தீவனம். அரைத்து அழுத்திச் சிறு சிறு துண்டுகளாக்கியது. கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே மாதிரி பழுப்புப் பச்சையில், பார்க்க அழகே இல்லாமல் இருக்கும். இன்னொன்று, மிக்சர் மாதிரி: சோளம், சூரியகாந்தி விதை, உலர்ந்த பழம், சிவப்பு மஞ்சள் துண்டுகள்.

குழந்தைகள் கை நீட்டுவது இரண்டாவதைத்தான். விலையும் அதற்கே அதிகமாக இருக்கும். சின்சில்லாவும் அதையே விரும்பும். பழத்தையும் விதையையும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். மிக்சரில் முந்திரியை மட்டும் பொறுக்குகிற நம் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் அந்தக் குடலுக்குப் பழக்கமில்லாதவை. வயிறு உப்பும், கழிச்சல் வரும், குடல் நின்றே போகலாம். புல் தின்பது குறைவதால் பற்கள் தேயாமல் வளர்ந்து தாடையைக் குத்தும்.

எனவே மலிவான, அழகில்லாத முதல் வகைதான் சரி. மூட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். புரதம் 16 முதல் 20 சதவீதம், கொழுப்பு 2 முதல் 5 சதவீதம், நார் 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பொருள்களின் பட்டியலில் முதலில் புல்லின் பெயர் வர வேண்டும். தயாரித்த தேதி முக்கியம். வைட்டமின்கள் நாளாக நாளாகக் குறையும் என்பதால் தயாரித்து மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிற அளவே வாங்க வேண்டும். பெரிய மூட்டை லாபம் என்று எடுத்துப் பாதியை வீணாக்குவது லாபமில்லை.

சின்சில்லா என்று எழுதாத, விதையோ பழமோ கலக்காத நல்ல முயல் தீவனத்தைப் பயன்படுத்துகிறவர்களும் நிறையப் பேர். அது பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் மருந்து கலந்த கோழி, மாட்டுத் தீவனங்களை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. சில மருந்துகள் இந்தச் சின்ன உடம்பைக் கொன்றுவிடும். அளவு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். மிச்சப் பசி புல்லுக்கு.

அல்ஃபால்ஃபா என்ற குதிரைமசாலும் அதே கடையில் அடுக்கியிருக்கும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் கூடுதல். குட்டிகளுக்கும், சினையாக இருப்பவற்றுக்கும், பால் கொடுப்பவற்றுக்கும் நல்லது. வளர்ந்த சின்சில்லாவுக்கு அதையே முழுநேரச் சாப்பாடாக்கக் கூடாது.

கடிப்பதற்கு ஒரு குச்சி? தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் யாக்கிமா பள்ளத்தாக்கு, ஆப்பிள் தோட்டங்களின் ஊர். கவாத்து செய்த கிளைகள் மலை மாதிரிக் குவியும். ஆப்பிள் குச்சி சின்சில்லாவுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக் குச்சி இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. மருந்தடிக்காத வீட்டு மரத்துக் கிளையைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொடுக்கலாம். செர்ரி, பிளம் போன்ற கொட்டைப்பழ மரங்களின் குச்சிகள் ஆகாது.

எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்ப்பது செலவில்லாத வைத்தியம். எடை குறைந்தாலோ, எச்சில் ஒழுகி முகவாய் நனைந்தாலோ, புழுக்கை சிறுத்தாலோ, ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவர். புல்லில் மிச்சம் பிடித்த பணம் அதற்குத்தான்.

நம் ஊரில் இதை வளர்க்கலாமா என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 25 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும் பிராணி இது. அந்த அடர்த்தியான முடியோடு சென்னை மேயில் அதை வைத்திருப்பது, கம்பளி போர்த்தி அடுப்படியில் உட்காரவைப்பது மாதிரி. மின்சாரம் போய் ஏ.சி. நின்ற ஒரு மதியம் போதும், உயிர் போய்விடும். பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே அதற்குச் செய்கிற நன்மை.

அங்கே மழை, இங்கே வெயில்

வீட்டுச் சின்சில்லாவுக்குப் புல் தட்டு நிறைய இருக்கிறது. மலைச் சின்சில்லாவுக்கு?

வேட்டையால் தீர்ந்தே போனது என்று நினைத்திருந்த காலத்தில், 1970-களில், ஆவ்கோ மலைகளில் இன்னும் கூட்டங்கள் இருப்பது தெரிய வந்தது. அதனால்தான் காப்பகமே வந்தது. ஆனால் சின்சில்லாக்களுக்கு வேலி தெரியாது. பல கூட்டங்கள் காப்பகத்துக்கு வெளியே இருக்கின்றன. அங்கே ஆடுகள் அதே மலைப்புல்லை மேய்கின்றன. புதர்கள் விறகாகின்றன. சுரங்கங்கள் மலையைக் குடைகின்றன. ஆடு மேய்ப்பவர்களும் ஏழைகள்தான். பாலாடைக்கட்டி விற்றுப் பிழைப்பவர்கள். ஒரு பிடி புல்லுக்கு இரண்டு வயிறுகள் போட்டி. இரண்டு சின்சில்லா இனங்களும் இன்றும் அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில்தான் இருக்கின்றன.

ஜூன் கடைசி. எல்லன்ஸ்பர்க்கில் கோடை. வயலில் புல் வரிசையாகக் காய்கிறது. விவசாயி வானத்தைப் பார்க்கிறார். இன்னும் மூன்று நாள், மழை வராமல் இருந்தால் போதும்.

அதே ஜூனில் பூமியின் தென்பாதியில் குளிர்காலம். ஆவ்கோ மலையில் இருட்டிவிட்டது. பாறை இடுக்கிலிருந்து பெரிய காதுகள் இரண்டு வெளியே நீள்கின்றன. புல் பழுப்பாக, குட்டையாக நிற்கிறது. காப்பகத்துக் காவலர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். இந்த மாதம் ஒரு நல்ல மழை வந்தால்தான், வருஷம் முழுக்க அந்தப் புல் இருக்கும்.